ஆறு பரங்கி ரொட்டிகள்

லெம்பி நிஸ்கலாவின் பரங்கி ரொட்டிக்கு பார்லோஸ் மில் ஊரில் ஒரு பேர் இருந்தது. ஈஸ்ட் போட்டுப் பொங்கக் காத்திருக்கிற ரொட்டி இல்லை அது. சோடா உப்பிலேயே ஒரு மணி நேரத்தில் எழும்பிவிடுகிற ரகம். வேகவைத்து மசித்த பரங்கியும் சொந்த வயலில் பறித்த புளிப்பான கிரான்பெரிப் பழமும் சேர்வதால் மூன்றாம் நாள் வெட்டினால்கூடக் கத்தியில் ஈரம் ஒட்டும். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் நடக்கும் அறுவடை விருந்துக்கு வருஷா வருஷம் ஆறு ரொட்டி கொண்டுபோவாள். நீள மேசையில் முதலில் காலியாகும் தட்டு அவளுடையதாகத்தான் இருக்கும். அதைப் பற்றி அவள் வாயைத் திறந்து பெருமை பேசியதில்லை. ஆனால் காப்பி ஊற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

1974-ஆம் வருஷத்து விருந்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், தோட்டத்துப் பரங்கி நான்கை வெட்டி வேகவைத்து மசித்தாள். சர்க்கரை, மசாலா எதுவும் சேர்க்கும் முன்னால் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பது அவள் வழக்கம். அன்றைக்கு வைத்தாள். கசந்தது.

தொட்டியில் துப்பினாள். காப்பி குடித்த வாயாக இருக்கும் என்று தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மறுபடி வைத்துப் பார்த்தாள். முதலில் இனிப்புதான் வந்தது. அப்புறம் தொண்டைக்குள் இறங்கும்போது பாகற்காயைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு வந்து நின்றுகொண்டது.

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. போன வருஷம் சாலையோரக் கடையில் வைத்து விற்பதற்காக வேலியோரம் அலங்காரச் சுரை போட்டிருந்தாள். கோடு கோடாக, முண்டும் முடிச்சுமாக, வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிற காய்கள். வாயில் வைக்க முடியாத பேய்ச்சுரைச் சாதி. பக்கத்திலேயே பரங்கிக் கொடி. தேனீ இரண்டு பூவிலும்தானே உட்கார்ந்திருக்கும். அந்தப் பரங்கியின் விதையை எடுத்து வைத்து இந்த வருஷம் ஊன்றினாள். வெளியே பார்க்க எல்லாம் சரியான பரங்கியாகவே காய்த்திருந்தது.

கசக்கிற பரங்கி வயிற்றைக் கெடுக்கும், கொட்டிவிட வேண்டும். தோட்டம் போடுகிற எவருக்கும் இது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் மணி மூன்றாகிவிட்டது. புருஷன் அர்வோ வண்டியை வயலுக்கு எடுத்துப் போயிருந்தான். டின்னில் அடைத்த பரங்கி வேண்டுமானால் யாரையாவது போனில் கூப்பிட்டுக் கேட்கலாம். விருந்து மேசையைக் கவனிக்கிற மிஸஸ் ஹாதவேயைக் கேட்கலாம். கேட்டால் மிஸஸ் ஹாதவே கொண்டுவந்து தருவாள், தந்துவிட்டு விருந்தில் நாலு பேரிடம் சொல்லுவாள்: இந்த வருஷம் லெம்பி கடை டின்னில்தான் செய்தாள்.

லெம்பி பழுப்புச் சர்க்கரையை வழக்கத்தைவிட இரண்டு கோப்பை கூட அள்ளினாள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றிலும் கை தாராளமாகப் போயிற்று. மூன்று ஆரஞ்சின் தோலைத் துருவிப் போட்டாள். ஆரஞ்சுத் தோலும் லேசாகக் கசக்குமே, யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அப்படி ஒரு பதிலை முன்கூட்டியே தயார் செய்தோம் என்பதுதான் பின்னால் அவளை அதிகம் வதைத்தது. கிரான்பெரியை இரண்டிரண்டாக நறுக்கிக் கலந்து, ஆறு டின்னிலும் ஊற்றி ஓவனில் வைத்தாள். வீடெல்லாம் வாசனை. வெந்து வந்த ரொட்டியில் ஒரு ஓரம் கிள்ளித் தின்றாள். கசப்பு அடங்கியிருந்தது. முழுக்க இல்லை, அடங்கியிருந்தது. எப்போதும் வீட்டுக்கென்று சுடும் ஏழாவது சின்ன ரொட்டியையும் சுட்டு அலமாரியில் வைத்தாள்.

அந்த விருந்துக்கு டோமிங்கா மொன்டேய்ரோ வந்தது லெம்பியால்தான். இரண்டு பேரும் பதினோரு பருவம் பழம் பிரிக்கும் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஓடுகிற பட்டையில் அழுகல் பழங்களைப் பொறுக்கியவர்கள். டோமிங்காவின் குடும்பம் கேப் வெர்டே தீவிலிருந்து வந்த குடும்பம். அவள் புருஷன் அடெலினோவுக்கு அர்வோவின் வயலில் வருஷம் முழுக்க வேலை. டோமிங்கா பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் சமைப்பாள், அறுவடைக் காலத்தில் சாயங்காலம் கொட்டகைக்கு வருவாள். லெம்பியை வாயாடிச் சிரிக்கவைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். "உங்க ஃபின்லாந்து ஆளுங்களுக்குச் சிரிப்பக்கூட ரேஷன்லதான் குடுப்பாங்களா?" என்று கேட்பாள்.

அறுவடை விருந்து ஊருக்கே பொது என்று பேர். ஆனால் கேப் வெர்டே குடும்பங்கள் யாரும் போனதில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. அந்த வருஷம் லெம்பி கூப்பிட்டாள். உன் அவரை சாதத்தைக் கொண்டுவா, நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றாள். டோமிங்கா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு பெரிய அலுமினியப் பானை நிறையச் சாதம் வடித்து, அவரையும் பன்றி இறைச்சிச் சாசேஜும் போட்டுக் கிளறி, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். மிஸஸ் ஹாதவே பானையைத் திறந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனை என்று சொல்லி மேசையின் கடைசியில் வைத்தாள். இருந்தாலும் பாதிப் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். லெம்பி இரண்டு முறை போட்டுக்கொண்டாள். டோமிங்கா பரங்கி ரொட்டியில் இரண்டு துண்டு தின்றாள். "இந்த வாட்டி ஆரஞ்சா?" என்றாள். ஆமாம் என்றாள் லெம்பி.

அன்றைக்கு உறைபனி விழும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பறிக்காத வயல் பாதிக்கு மேல் இருந்ததால் அர்வோவும் அடெலினோவும் விருந்துக்கு வரவில்லை. பம்பு வீட்டிலேயே இருந்து, பனியில் பழம் கருகாமலிருக்க அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்து வீட்டுக்கு வந்த அர்வோ பசியோடு அலமாரியைத் திறந்தான். காப்பியோடு சின்ன ரொட்டியில் மூன்று துண்டு தின்றுவிட்டுப் படுக்கப் போனான்.

ஏழரைக்கு மிஸஸ் ஹாதவே போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. ராத்திரியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாளாம், அவள் வீட்டுக்காரரும் அப்படியேதானாம். ஊரில் நாற்பது பேருக்கு மேல் வாந்தியும் பேதியுமாம். வயதான மிஸ்டர் கூம்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே லெம்பியின் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அர்வோ குடலைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி வாந்தி எடுத்தான். அது போன் வழியாக மிஸஸ் ஹாதவேக்கும் கேட்டது.

"அர்வோவுக்குமா?"

"ஆமா."

"நான் அப்பவே நெனச்சேன். அந்த அரிசிதான். போர்வையில சுத்தி எவ்வளவு நேரம் வச்சிருந்தாளோ, யாரு கண்டா."

லெம்பி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அர்வோ அரிசியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தட்டு அரிசி தின்ற அவளோ கல் மாதிரி நிற்கிறாள். விருந்தில் காப்பி ஊற்றுகிற வேலையில் ரொட்டியை அவள் வாயில் வைக்கவே இல்லை. கணக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! ஊரில் அந்தக் கணக்கைப் போட முடிந்தவள் அவள் ஒருத்திதான்.

போனை வைத்துவிட்டு மிச்ச ரொட்டியையும் தோட்டத்தில் கிடந்த ஒன்பது பரங்கியையும் கை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தாள். இன்று அர்வோ தேறட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மண்ணைத் தள்ளினாள்.

திங்கட்கிழமை ஊர்ச் சுகாதார அதிகாரி வந்தார். குறிப்பேடு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவரும் விருந்தில் சாப்பிட்டவர்தான், முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அரிசி, அரிசி என்று எல்லா வீட்டிலும் கேட்டுக் கேட்டு முடிவோடுதான் இவள் வீட்டுக்கு வந்தார். ரொட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? அர்வோ அன்றைக்கு விருந்துக்கு வரவே இல்லையாமே, அவருக்கு எப்படி என்று கேட்டார். அது ஒன்றுதான் அவருக்கு இடித்தது. கேட்டுவிட்டுப் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தட்டு அரிசி எடுத்துட்டு வந்தேன் அவருக்கு" என்றாள் லெம்பி.

சொல்லி முடித்ததும் அவளுக்கே நம்ப முடியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது போல இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். நன்றி சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரமே டோமிங்காவைப் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை என்றார்கள். பிறகு அவள் இடத்துக்கு வேறு ஒருத்தியைப் போட்டார்கள்.

டோமிங்கா கத்தியிருந்தால், மறுத்திருந்தால் லெம்பிக்குக்கூடச் சுலபமாக இருந்திருக்கும். அவள் மறுக்கவில்லை. அவளுக்கும் அன்றைக்கு வயிறு போனது, தன் அரிசிதான் தன்னையும் கெடுத்தது என்று நம்பிவிட்டாள். கொட்டகைக்கு வந்து லெம்பியின் எதிரே உட்கார்ந்து, பழம் பொறுக்குவதை நிறுத்தாமலே பேசினாள். பகல் மூணு மணிக்கே இறக்கிவிட்டேன், அதுதான் தப்பு, நேராக அடுப்பிலிருந்து எடுத்துப் போயிருக்க வேண்டும் என்றாள். இல்லை, சாசேஜ் பழசாக இருந்திருக்கும் என்றாள். அடுத்த நாள் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். பானையைச் சாம்பல் போட்டு நாலு தடவை தேய்த்தேன் என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் அரிசியே வைப்பதில்லையாம். அடெலினோவுக்கு உருளைக்கிழங்குதானாம்.

"நீயும் ரெண்டு தட்டு சாப்பிட்டியே லெம்பி, உனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"லேசா வலிச்சுது."

"பாரு, உனக்கும்தானே. நீ கூப்பிட்டேன்னுதான் வந்தேன், உன் மானத்தையும் வாங்கிட்டேன். என்னைய மன்னிச்சுக்கடி."

பட்டையில் சிவப்பும் சிவப்புமாகப் பழங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லெம்பிக்குக் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. அழுகலும் நல்லதும் கலந்து போயின. தலைவலி என்று சொல்லி எழுந்து போய்க் கொட்டகைக்குப் பின்னால் பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள். இப்போது சொல்லிவிடலாம், உள்ளே போனதும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனபோது டோமிங்கா அவளுக்காக வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். குடித்தாள். சொல்லவில்லை.

இப்படியே நாள் போயிற்று. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. முதலில் கசந்த பரங்கியைப் பற்றிச் சொன்னால் போதும் என்று இருந்தது. பிறகு அந்தத் தட்டு அரிசிப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. இப்போது வெந்நீர் வாங்கிக் குடித்ததையும் சொல்ல வேண்டும். மிஸ்டர் கூம்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு டோமிங்கா கோழி சூப் எடுத்துக்கொண்டு போனதையும், அவர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிப் போகச் சொன்னதையும் லெம்பி தபால் நிலையத்தில் நின்றபடி கேட்டாள். மறுநாளும் போனாளாம். அதற்கு மறுநாளும் போனாளாம். அதைச் சொன்ன பெண் சிரித்தாள். லெம்பி தபால்தலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் பாதியில், கடைசி வயலும் பறித்து முடிந்த அன்று, அர்வோ மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் தட்டின் முன்னால் உட்காராமல் நின்றான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. கையில் தொப்பியை வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டான்.

"நான் அரிசி சாப்பிட்டேனா?"

லெம்பி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடெலினோ இன்னிக்கு பம்பு வீட்டுல என் கையப் பிடிச்சுக்கிட்டான். அவன் பொண்டாட்டி அரிசியால எனக்கும் உடம்பு கெட்டுப்போச்சாம். இத்தன நாளா கேக்கணும் கேக்கணும்னு இருந்தானாம். மன்னிச்சுக்குங்கன்னு சொல்றான். நான் என்ன சொல்றது அவன்கிட்ட? நான் தின்னது உன் ரொட்டிதானே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மேசை விரிப்பில் இருந்த ஒரு கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்வோ கேட்டுக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டவில்லை. கடைசியில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"நான் போய் அடெலினோகிட்டச் சொல்லலாம். ஆனா இது நான் சொல்ற விஷயமில்ல. நீ போற வரைக்கும் நான் அவன் மூஞ்சியில முழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வெளியே போனான்.

சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. லெம்பி கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போனாள். மொன்டேய்ரோ வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு மைலுக்கு மேல். போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்த டோமிங்கா அவள் முகத்தைப் பார்த்ததும், அர்வோவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறி, கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். யோசித்து வைத்த நாலைந்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"உன் அரிசியில ஒண்ணுமில்ல டோமிங்கா. என் ரொட்டிதான். என் பரங்கி கெட்ட பரங்கி."

டோமிங்காவுக்கு முதலில் புரியவில்லை. சமாதானம் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். லெம்பி சுரைக் கொடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரியிடம் சொன்ன பொய்யைச் சொன்னபோது டோமிங்கா தன் கையை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"ருசி பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"கசந்துச்சா?"

"கசந்துச்சு."

"நான் ஆரஞ்சான்னு கேட்டேன். நீ ஆமான்னே."

லெம்பி தலையை ஆட்டினாள்.

டோமிங்கா எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றாள். வெளியே துணிக் கொடியில் அடெலினோவின் சட்டைகள் விறைத்துத் தொங்கின. அவள் திரும்பாமலே பேசினாள். குரல் உயரவில்லை.

"பள்ளிக்கூடத்துல பதிமூணு வருஷம் சமைச்சேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வயித்து வலின்னு வந்ததில்ல. அதெல்லாம் என் மனசுலயே அடிபட்டுப்போச்சு. என் கையே எனக்குப் பிடிக்காமப் போச்சு, தெரியுமா. சோத்துல கை வைக்கவே பயந்தேன்."

"டோமிங்கா, நான்..."

"மிஸஸ் நிஸ்கலா." திரும்பினாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பேரில் அவள் லெம்பியைக் கூப்பிட்டதே இல்லை. "என்கிட்ட சொல்லிட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான் தப்புப் பண்ணலைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? எங்க வச்சு என் பேரு கெட்டுச்சோ அங்க போய்ச் சொல்லுங்க."

"நீயும் வர்றியா? உன் முன்னாலயே சொல்றேன்."

"நான் வர மாட்டேன். வந்து நின்னா அத்தன பேரும் என்னையப் பாத்துப் பரிதாபப்படுவாங்க. அது எனக்கு வேண்டாம். நீங்க போங்க."

கதவுவரை வந்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். அந்த மரியாதையைத்தான் லெம்பியால் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்ததும் லெம்பி எழுந்தாள். யாருக்காவது உடம்பு சரியில்லை, ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்கிற நேரம் அது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, பரங்கி கசந்தது தெரிந்தே ரொட்டி சுட்டேன், நீங்கள் எல்லாரும் படுத்தது அதனால்தான், அதிகாரியிடம் பொய் சொன்னேன், டோமிங்கா மொன்டேய்ரோவின் வேலை போனது என்னால் என்று சொன்னாள். போதகர் என்ன செய்வதென்று தெரியாமல், ஜெபம் செய்வோம் என்றார்.

அவள் எதற்கு வேண்டுமானாலும் தயாராகத்தான் வந்திருந்தாள். ஏச்சுக்கு, முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு, இனி மேசைக்கு எதுவும் கொண்டுவராதே என்பதற்கு. நடந்ததற்கு அவள் தயாராக இல்லை. ஆராதனை முடிந்து காப்பிக்குக் கூடியபோது மிஸஸ் ஹாதவே முதல் ஆளாக வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பாவம்டி நீ. இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கினியா? பரங்கி கெட்டுப்போனா நீ என்ன செய்வே, யாருக்கு வேணா நடக்கும்."

எவ்வளவு தைரியம் என்றாள் இன்னொருத்தி. இனிமேல் ஹாதவே வீட்டுப் பூனைக்கு முதலில் ஒரு துண்டு போட்டுப் பார்ப்போம் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். காப்பி ஆறும் முன்னால் அவளை மன்னித்து முடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு பிஸ்கட் எத்தனை தட்டு உன் பேரில் எழுதட்டும் என்று மிஸஸ் ஹாதவே காகிதத்தோடு வந்து நின்றாள்.

லெம்பி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். டோமிங்காவுக்கு ஐந்து வாரமாக ஒருவரும் கொடுக்காததைத் தனக்குப் பத்து நிமிஷத்தில் அள்ளிக் கொடுக்கிறார்கள். அதுவும் தான் கேட்காமலே.

"டோமிங்காவப் போய் யாரு பாக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

மிஸஸ் ஹாதவே காகிதத்தை மடித்தாள். அவளுக்குத்தான் இப்போது எல்லாம் தெரிந்திருக்குமே என்றாள். ஒரு கடிதம் போடலாம் என்றார் யாரோ. ஒவ்வொருவராகக் கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

மிஸ்டர் கூம்ஸ் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்ததில் சட்டைக் கழுத்து இரண்டு விரல் தொளதொளத்தது. கைத்தடியால் தரையைத் தட்டி லெம்பியைக் கூப்பிட்டார்.

"வண்டி கொண்டு வந்திருக்கியா? என்னைய அந்தப் பொம்பள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மூணு நாள் சூப்போட வந்து நின்னா. நாயை விரட்டுற மாதிரி விரட்டினேன்."

அவர் லெம்பியை மன்னித்ததாகச் சொல்லவில்லை. மொன்டேய்ரோ வீட்டு வாசலில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. டோமிங்கா அவரைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். அவரை உள்ளே விட்டாள். லெம்பி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே தெரியாமல் போனதும் துடைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சோறு போட்டா" என்றார். "ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்பிட்டேன்."

மறுநாள் லெம்பி சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் ஒன்று எழுதினாள். அவர்கள் டோமிங்காவுக்கு வருத்தம் தெரிவித்து, ஜனவரியில் வேலைக்கு வரலாம் என்று கடிதம் அனுப்பினார்கள். டோமிங்கா போகவில்லை. நியூ பெட்ஃபோர்டில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்தாள். அடெலினோவும் நன்றி சொல்லி அர்வோவிடம் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஒருவரின் வயலுக்குப் போனான். போகும்போது அர்வோவின் கையைக் குலுக்கினான். லெம்பியைப் பற்றி விசாரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வயலுக்கு மணல் போட ஆள் இல்லை. தண்ணீர் கட்டி, அது பனிக்கட்டியாக இறுகியதும் அதன் மேல் மணலைப் பரப்ப வேண்டும். வசந்தத்தில் பனி உருகினால் மணல் பழக் கொடியின் மேல் படிந்து, கொடி புதுசாகத் துளிர்க்கும். இத்தனை வருஷம் அர்வோவும் அடெலினோவும் செய்த வேலை. லெம்பி அர்வோவின் பழைய பூட்ஸில் இரண்டு காலுறை திணித்துப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். நீ செய்ய வேண்டாம் என்று அர்வோ ஒரு தடவை சொன்னான், அப்புறம் சொல்லவில்லை. அவள் நாள் முழுக்க மணலை வாரி வீசினாள். முதுகு கழன்றுபோகிற மாதிரி வலித்தது. அந்த வலி அவளுக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது, ஆனால் அதனால் எதுவும் தீரவில்லை என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

காலை ஏழேகாலுக்கு, வேலைக்குப் போகிற டோமிங்காவின் பச்சை கார் வயலை ஒட்டிய சாலையில் போகும். லெம்பி நிமிர்ந்து பார்ப்பாள். கையைத் தூக்கமாட்டாள், அதற்குத் தனக்கு உரிமை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கார் வேகம் குறையாமல் போகும். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், சாலை வழுக்கலாக இருந்த காலையில், கார் வளைவில் மெதுவாக வந்தது. டோமிங்கா கண்ணாடியை இறக்கினாள்.

"அந்த மூலையில ஐஸ் மெலிசா இருக்கும். ஊத்து இருக்கு அங்க. அடெலினோ எப்பவும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாரு" என்றாள். "பாத்துப் போங்க."

சரி என்றாள் லெம்பி. டோமிங்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனாள். லெம்பி அந்த மூலையை விட்டு நாலடி தள்ளி நின்று, மறுபடி மணலை வார ஆரம்பித்தாள்.